ஓசிச் சாப்பாடு

…போர்டுல 'ஓசிச் சாப்பாடு'ன்னு போட்டா ஓசின்னே நம்பிடறதா அண்ணே? இந்த சிகாகோவுல பீர்க்கடை வெச்சிருக்கற எவன் ஓசியா சாப்பாடு போட்டிருக்கான்?

உங்களச் சொல்லல, சாப்பிடுங்க. ஒரு பீர் வாங்கிட்டீங்கல்ல, பன்னிக்கறி, சீஸு, ரொட்டி எல்லாம் உங்களுக்குத்தான். கறி உப்பு கரிக்குதா? கரிக்கணும். அப்பத்தான் நாக்கு வறளும், ரெண்டாவது கிளாஸ் கேப்பீங்க, மூணாவதும் கேப்பீங்க. கறிக்கான காசு அந்த பீருக்குள்ள இருக்கு. தெருவுக்குத் தெரு இதே கதைதான். போன தேர்தல்ல ஒருத்தன் ஓட்டுக் கேட்டு வந்து, குளிருக்கு எரிக்க வீட்டுக்கு வீடு நிலக்கரி சும்மா தரேன்னான். 'என்னய்யா, கான்ராட் கடை ஓசிச் சாப்பாடா?'ன்னு கூட்டமே சிரிக்குது. யாரு கான்ராட்? நாந்தான். இப்ப எதுக்கெடுத்தாலும் அதான் பேச்சு.

அதக்கூட விடுங்க. என் பொண்டாட்டி ஒட்டிலி இருக்காளே… கறிய உப்புல ஊறப்போடறது, வேகவெக்கறது, நறுக்கறது எல்லாம் அவதான். போன மாசம் வந்து, 'சமையலுக்கு ஆள் வெச்சா சம்பளம் குடுப்பேல்ல, அத எனக்குக் குடு'ங்கறா. எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. 'பொண்டாட்டிக்கு என்னடி சம்பளம்? நீ செய்யறது சும்மாதானே'ன்னேன். 'அப்படியா'ன்னா. அவ்வளவுதான்.

மறுநாள் பாத்தா என் கடை வாசல்லயே பீப்பாய வெச்சு, ஐஸ் போட்டு எலுமிச்சை ஜூஸ் விக்கறா. பீர்ல பாதி வெல. வர்றவன் இங்க ஒரே ஒரு கிளாஸ் குடிச்சிட்டு, என் கறிய ஒரு கட்டு கட்டிட்டு, தாகத்தோட நேரா அவகிட்ட போறான். கறி மட்டும் தவறாம சமைச்சு அனுப்பறா. ஆனா உப்பு முன்னவிட ரெண்டு பங்கு. ஏண்டின்னு கேட்டா, 'சும்மா செய்யற வேலையில குத்தம் பாக்காதே'ங்கறா.

நேத்து நானே எறங்கிப்போய், 'சரி, சம்பளம் தரேன், பீப்பாய எடு'ன்னேன். என்னை ஏற எறங்கப் பாத்துட்டு, 'வேணாம் கான்ராட், உனக்குக் கட்டுப்படியாகாது'ன்னுட்டா.

சொல்லுங்க, இதுல என் தப்பு என்ன இருக்கு… அண்ணே? எங்க எழுந்துட்டீங்க? இன்னொரு பீர் ஊத்தட்டுமா? அட, கதவத் தெறந்துட்டாரு… ஒட்டிலி பீப்பா முன்னாடி நிக்கற அந்த வரிசைக்கா போறீங்க?

சரி, போறது போறீங்க… எனக்கும் ஒரு கிளாஸ் வாங்கிட்டு வாங்க. எனக்குன்னு சொல்லிடாதீங்க. காலைலேர்ந்து நானும் இந்தக் கறியத்தான் தின்னுட்டிருக்கேன்.