செல்லதுரையின் ரத்தக்குழாய்

— எழுதி வெச்சுக்க வேணி. பெரம்பலூர், அரியலூர் ரெண்டு ஜில்லாவுலயும் இந்தச் செல்லதுரைக்கு இருக்குற மாதிரி அகலமான ரத்தக்குழாய் ஒருத்தனுக்கும் கெடையாது. சிமெண்டு லாரி ரெண்டு எதிரெதிரா போவலாம்.

— கைய ஆட்டாதீங்க பெரியப்பா, பிரஷர் மெஷினு தப்பாக் காட்டும்.

— மெஷினுக்கு என்ன தெரியும்?

— நூத்தி எண்பது காட்டுது. ஒங்க லாரி ரோட்ட யாரோ மறிச்சுட்டாங்க.

— யாரு அவன்?

— ஒடம்புலயே ஊறுற ஒரு சுரப்புதான். ரத்தக்குழாயப் புடிச்சு இறுக்குது. நெஞ்சு முட்டி முட்டித் தள்ளணும், கிட்னி நொந்து போவும். அந்த இறுக்கத்தத் தடுக்கத்தான் டாக்டரு மாத்திரை எழுதுனாரு. தெனம் போடுறீங்களா?

— போடாம?

— அப்ப காலு ஏன் வீங்கிக் கெடக்கு?

— புதுச் செருப்பு.

— மாத்திரைப் பையத் தூக்கிட்டு வூடு வூடா அலையுற எங்கிட்டயா இந்தக் கத?

— எதுத்த வூட்டுப் பெரியசாமியச் சொல்லு. மாத்திரை முழுங்க அரியலூருல இருக்குற மவளுக்குப் போனு போடுறான். “வாயில போட்டுட்டேன் தேவயானி, தண்ணி குடிச்சுட்டேன் தேவயானி”ன்னு வாலிகண்டபுரத்துக்கே கேக்குது. ஒத்த மாத்திரைக்கு ஆளு துணை! எழுதி வெச்சுக்க, வெக்கங்கெட்டவன்.

— அவருக்கு பிரஷர் அடங்கிருச்சு. மாசத்துக்கு ஒருக்கா பாத்தாப் போதும். ஒங்களுக்குத்தான் வாராவாரம் வரேன்.

— வா. வேணாங்கலியே.

— இருங்க, அடுப்படியில தண்ணி மொண்டுக்கிறேன்... இதென்ன பெரியப்பா, அரிசி டப்பாவுக்குப் பின்னால? மாத்திரை அட்டை பிரிக்காமக் கெடக்கு! சட்டியில கருவாடு வேற. நான் வர்ற அன்னைக்கெல்லாம் கருவாட்டு வாசம்தான். உப்பு ஆவாதுன்னு சொன்னேன்ல?

— சொன்ன.

— அப்பறம்?

— ஒம் பெரியம்மா போனப்பறம் இந்த வூட்டுப் படிய மிதிக்கிறது நீ ஒருத்திதான். பிரஷர் அடங்கிட்டா மாசத்துக்கு ஒருக்காதான வருவ?

— என்ன பெரியப்பா இது.

— எழுதிகிழுதி வெக்காத. சும்மா சொன்னேன்.

— கிட்னி போச்சுன்னா நான் வரவே மாட்டேன். நீங்கதான் பெரம்பலூருக்கு பஸ் ஏறணும், ரத்தத்தச் சுத்தம் பண்ண. அங்க ஒங்களோட பேச மெஷினுதான் இருக்கும். எனக்கு இன்னும் நாலு வூடு பாக்கி. போயிட்டு வரேன்.

— ம்.

*

— ஹலோ, பெரியப்பாவா? தெரு முக்கு கூட இன்னும் தாண்டல. என்ன?

— மெதுவாப் பேசு, பெரியசாமி வாசல்ல நிக்கிறான். மாத்திரை கையில இருக்கு. முழுங்குற வரைக்கும் போன வெச்சுராத.