சுவரோரத்து உத்தரம்

ஓர் உத்தரத்தைத் தட்டிப் பார்க்க ஐந்து நிமிடம் போதும், சார். அதற்கு மேல் எடுத்துக்கொள்கிறவர் சும்மா பந்தா காட்டுகிறார்.

கம்பம் முதல் தேனி வரை, பழைய கட்டடம் வாங்குகிறவர்கள் இந்தச் சண்முகராஜைத்தான் கூப்பிடுவார்கள். நல்ல மரம் கணீரென்னும். உள்ளே கரையான் தின்றது பொத்தென்னும். பக்கத்துக்கு ஓர் இரும்புப் பட்டை வைத்து போல்ட் முடுக்கிய உத்தரத்தில்தான் சிரமம். மரம் மாவாகிப் போயிருந்தாலும் வெளியே தெரியாது. அடிப்பக்கம் தட்டிக் காதால்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

எனக்கு மூன்று வருடமாகச் சரியாகக் காது கேட்காது. பேச்சு கேட்கும், கணீரும் பொத்தும் ஒன்றுபோலத்தான். மரத்தைத் துளைத்துப் பார்க்கும் கருவி மதுரையில் வாடகைக்குக் கிடைக்கிறது. அதைத் தூக்கிக்கொண்டு போனால், காதுக்கு என்ன ஆச்சு என்பார்கள். வெட்கம் விடவில்லை.

போடியில் முத்துராஜாவின் ஏலக்காய்க் கிட்டங்கி. மரத்தளம் போட்ட மாடியில் பெண்கள் உட்கார்ந்து காய் தரம் பிரிப்பார்கள். கீழே ஏணி போட்டு, பட்டை வைத்த உத்தரத்தைச் சுவரோரம் தட்டினேன். காய் மூட்டையோடு மாடிக்குப் போன ஞானபாக்கியம் நின்றுவிட்டாள்.

“ஐயா, இங்கன மட்டும் சத்தம் பொத்துன்னு கேக்குது. இன்னொருக்கா தட்டுங்க.”

நான் இரண்டடி தள்ளித் தட்டினேன். “இப்ப நல்லாருக்குல்ல?” என்றேன்.

முத்துராஜா சிரித்தார். “அண்ணனே சரின்னுட்டாக. நீ போயி வேலையப் பாரு, ஆத்தா.”

அவள் மாடிக்குப் போகத் தயங்கினாள். பயம் தெளியட்டும், அந்தச் சுவரோரமே உட்கார வையுங்கள் என்று சொன்னது நான்தான். நல்ல எண்ணத்தில்தான் சொன்னேன்.

பதினோராம் நாள் காலை பத்தரைக்கு மாடி இடிந்து இறங்கியது. அவளும், பக்கத்தில் இருந்த ஜக்கம்மாவும் போய்விட்டார்கள்.

காது கேளாதவன் தெரியாமல் செய்துவிட்டான் என்று விசாரணை அறிக்கையில் எழுதியிருக்கிறீர்கள். அதைப் படிக்கக் கூசுகிறது, சார். நல்ல மரத்தில் சுத்தியல் துள்ளித் திரும்பும். கெட்ட மரத்தில் அப்படியே அமுங்கும். முப்பது வருடம் பிடித்த கைக்கு அது தெரியாதா? அன்றைக்கு அது துள்ளவில்லை. உத்தரம் போய்விட்டது என்று சொல்லத்தான் வாயெடுத்தேன்.

அதற்குள் அந்தப் பொம்பளை முந்திக்கொண்டாள்.