ஜன்னல் துடைத்தவள்

"அந்த ஜன்னல யாருடி தொடச்சது?"

வில்லியனூரில் பஸ் ஏறியதிலிருந்து முன்சீட்டுக் கல்லூரிப் பெண் இதையே கேட்டுக்கொண்டிருந்தாள். இரண்டு அமெரிக்க நாவல்களை ஒப்பிட்டு எழுத வேண்டுமாம். மடியிலிருந்த நோட்டில் நடுவே ஒரு கோடு. இந்தப் பக்கம் தொழிலாளர், அந்தப் பக்கம் பெண்கள்.

"ஃபேக்டரி கதைல வேல செய்றவன் எல்லாம் ஆம்பள. இன்னொண்ணுல பெரிய வூட்டம்மா நாள் பூரா ஜன்னலாண்ட நின்னு அழுவுது. அந்த ஜன்னல தொடைக்கிறவ ஒரே வரில வந்துட்டுப் போய்டறா. அவ வேல செய்யலயா? அவ பொம்பள இல்லயா?"

"அதுக்கு ஏன்டி என்கிட்ட கத்தற?" என்றாள் பக்கத்திலிருந்த தோழி.

"எங்கம்மா ஆஸ்பத்திரில தரய தொடச்சிட்டு வந்து, எங்கப்பாவோட யூனியன் ஆளுங்களுக்கு டீ போடுது. அத எந்தப் பக்கம் எழுதுவ, சொல்லு?"

"மிஸ் ரெண்டு பக்கந்தான் குடுத்தாங்க. எதுலனா எழுதேன்."

"முடியாது. கோட்டு மேலயே எழுதறன்."

"எழுது. அந்த வேலக்காரி பேரு இன்னா?"

அவள் புத்தகத்தைப் புரட்டினாள். திரும்பவும் புரட்டினாள்.

"பேரே வைக்கலடி!"

பேனாவை அழுத்தி, கோட்டின் மேலேயே எதையோ எழுதினாள். தோழி எட்டிப் பார்த்தாள்.

"யாருடி அஞ்சலை?"

"எங்கம்மா."