வேட்டு போடாத சாவுகள்

ஓடுகிறேன். முதல் சத்தம் கனமாக, ஒற்றையாகக் கேட்டது. இரண்டாவது இன்னும் கிட்டத்தில். நாரணாபுரம் சாலையோரப் பள்ளத்தில் குப்புற விழுகிறேன். வாயெல்லாம் மண். மூன்றாவது சத்தம். கைகள் தாமாகவே தலையை மூடிக்கொள்கின்றன.

இது சிவகாசி. 1958. உலகப் போர் முடிந்து பதின்மூன்று வருடம். நான் போலந்தில் ஒரு கிராமத்தில் பிறந்த யூதப் பெண். இங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ். மிரியம் என்ற பெயர் எப்போதோ மரியம்மா ஆகிவிட்டது. வெடிக்குப் பயந்தவள் சிவகாசிக்கா வருவாள் என்று கேட்பீர்கள். போரில் அகதியாக இந்தியா வந்து நர்ஸ் படித்தேன்; வேலை இங்கேதான் கிடைத்தது. பட்டாசுக் கம்பெனிகளில் பகலெல்லாம் வெடி போட்டுப் பார்ப்பார்கள். மாடுகூடத் தலை தூக்காது. நான் மட்டும் கையிலிருப்பதைக் கீழே போடுவேன்.

இந்தச் சத்தம் வேறு. இடைவெளி விட்டு, ஒவ்வொன்றாக. எங்கள் ஊரிலும் அப்படித்தான் கேட்டது.

போரின் மூன்றாவது வருடம். ஊர் நாஜிப் படையின் பிடியில். உருளைக்கிழங்கு தோண்டும் பருவம். யூத ஆண்கள் மண்வெட்டியோடு வரவேண்டும் என்று உத்தரவு. அறுவடைக்குத்தான் என்று நம்பினோம். அப்பா மண்வெட்டியைத் தீட்டி எடுத்துப் போனார். மத்தியானம் பெண்களையும் குழந்தைகளையும் தெருவில் நிறுத்தினார்கள். காட்டோரமாக நடக்கிறோம். நீளமான குழி தெரிகிறது. தோண்டியது எங்கள் ஆண்கள். முதல் சத்தம். அம்மா என்னைப் புதருக்குள் தள்ளுகிறாள். "ஓடு! திரும்பிப் பார்க்காதே!" ஓடினேன். ஓடையில் கிடந்தேன். ஒரு சத்தம். அமைதி. இன்னொரு சத்தம். இருட்டும்வரை அது ஓயவில்லை.

"அக்கா, எந்திரிங்க."

ஞானம். என்னோடு வேலை பார்க்கும் நர்ஸ். டூட்டி முடிந்து சேர்ந்துதான் நடந்து வந்தோம். பள்ளத்தில் இறங்கி என் சேலையில் ஒட்டிய மண்ணைத் தட்டுகிறாள். "ஒண்ணுமில்லக்கா. அங்கன ஒரு பெரியவரு செத்துப்போயிட்டாராம். அதான் வேட்டு போடுறாக."

செத்தவருக்கு வெடியா? எனக்கு ஆத்திரம் பொங்கியது. என்ன ஊர் இது, என்ன மனிதர்கள் என்று திட்டித் தீர்த்தேன். ஞானம் சண்டைக்கு வரவில்லை.

"ஒரு உசிரு போயிருக்குக்கா. நாலு ஊருக்குத் தெரிய வேண்டாமா?"

எழுந்தவள் மறுபடி உட்கார்ந்துவிட்டேன். எங்கள் ஊரில் குழியோரம் நிறுத்திச் சுட்டதை அவளிடம் சொன்னேன். எங்கள் ஊர்ச் சத்தம் பக்கத்து ஊர்களுக்கும் கேட்டிருக்கும். யார் செத்தது என்று ஒருவரும் கேட்கவில்லை.

ஞானம் கேட்டாள். "உங்க வீட்டு ஆளுக ஆரு ஆருக்கா?"

இத்தனை வருடத்தில் அந்தப் பெயர்களை நான் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொன்னால் உடைந்துபோவேன். சொல்லாமலே நான் செத்தால் அவர்கள் பிறக்கவே இல்லை என்றாகிவிடும். வெடியைவிட எனக்கு அந்தப் பயம்தான் அதிகம்.

சொன்னேன். அப்பா லெய்ப். அம்மா ரிவ்கா. தம்பி மெண்டல். அக்கா ஹன்னா. அத்தான் யோசல். அக்காவின் ஆண் குழந்தை.

அதன் பெயரையும் ஞானம் கேட்டாள்.

ஆண் குழந்தைக்கு எட்டாம் நாள்தான் பெயர் வைப்பது எங்கள் வழக்கம். அன்று ஐந்தாம் நாள்.

எங்கள் வீட்டில் ஆறு பேர் போனார்கள். பெயர்கள் ஐந்து.