முரளிதரன் அண்ணனுக்குப் பிடித்த தப்புகள்

நான் காபி குடிப்பதில்லை, தீபா மேடம். எனக்காக வரவழைத்து வைத்த கோப்பை ஆறிக்கொண்டிருக்கிறது, வீணாக்காமல் நீங்களே குடித்துவிடுங்கள். வாக்குமூலத்தைத் தமிழிலேயே எழுதித் தரலாம் என்று சொன்னதற்கு நன்றி. கன்னடத்தில் கடைக்குப் போவேன், ஆங்கிலத்தில் வேலை பார்ப்பேன், ஆனால் என் பக்க நியாயம் தமிழில்தான் ஒழுங்காக வரும். ஒவ்வொரு பக்கமாக எழுதி உங்கள் பக்கம் நகர்த்துகிறேன். இந்த விசாரணைக்காகவே தலைமை அலுவலகத்திலிருந்து விடிவதற்குள் கிளம்பி வந்திருக்கிறீர்கள். முகத்தில் களைப்பு அப்படியே தெரிகிறது. கையில் சிவப்புப் பேனா இருக்கிறது, காலையிலிருந்து ஒருமுறைகூட நீங்கள் சிரிக்கவில்லை.

என் பெயர் ஜோதிமணி. சொந்த ஊர் ஹனூர். மைசூர் ஹுணசூர் ரோட்டில், மருந்துக்கடைக்கு மேலே இரண்டாவது மாடியில் இருக்கும் நம் கிளையின் டெஸ்டிங் பிரிவில் வேலை. நாம் தயாரிப்பது கல்யாணச் சமையல்காரர்களுக்கான ஆப். எத்தனை பேருக்குப் பந்தி, எவ்வளவு அரிசி, எத்தனை இலை என்று போட்டால் ஆர்டர் அந்தந்தக் கடைக்குப் போய்விடும். அதற்கு புரோகிராம் எழுதுகிறவர் தருண்குமார். அவர் எழுதியதில் தப்பு இருக்கிறதா என்று தட்டித் தட்டிப் பார்க்கிறவர்கள் முரளிதரன் அண்ணனும் பூங்குழலியும். அவர்கள் இருவருக்கும் உதவியாகச் சின்னச் சின்ன ஸ்கிரிப்ட், அதாவது தானாக ஓடும் குட்டி புரோகிராம், எழுதிக் கொடுப்பது என் வேலை. உதவி என்ற சொல்லை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நான் செய்தது அவ்வளவுதான்.

முன்பெல்லாம் ஒரு தப்பைப் பிடிக்க முரளிதரன் அண்ணன் நாளெல்லாம் பொய்க் கல்யாணம் நடத்த வேண்டும். மாப்பிள்ளை பெயர், பெண் பெயர், மண்டபம், முகூர்த்தம் என்று எல்லாவற்றையும் கையால் அடித்து அடித்து அவருக்கு விரலெல்லாம் வலி. பாவமாக இருந்தது. கண்மூடித் திறப்பதற்குள் கல்யாணங்களை நிரப்பித் தள்ளும் ஸ்கிரிப்ட் ஒன்று எழுதினேன். தப்பு தெரிந்தால் திரையை அப்படியே படமெடுத்துப் புகாரோடு சேர்க்க இன்னொன்று எழுதினேன். பூங்குழலி கடலைமிட்டாய் வாங்கி வந்து என் மேசையில் வைத்தாள். அதுவரை எல்லாம் நல்லபடியாகத்தான் போனது.

சங்கடம் அதற்கப்புறம் வந்தது. தட்டுகிற வேலை போனதும் மிச்சம் இருந்தது தேடுகிற வேலை மட்டும். தருண்குமாரோ நாளாக நாளாகச் சுத்தமாக எழுதப் பழகிவிட்டார். தேடினால் ஒன்றும் கிடைக்கவில்லை. முரளிதரன் அண்ணன் தப்பு ஒன்று கையில் சிக்கினால் மூக்குக்குள்ளேயே ஒரு பாட்டை முனகுவார். எந்தப் பாட்டு என்று அவருக்கே தெரியாது. அந்த முனகல் நின்றுபோனது. டீ வருவதற்குள் வேலையை முடித்துவிட்டு இருவரும் சும்மா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இன்னைக்கும் ஒண்ணும் சிக்கலை அம்மிணி," என்பார் அண்ணன், வீட்டுக்குப் போகும்போது.

"அக்கா, மேலே பேசிக்கிறாங்களாம்," என்றாள் பூங்குழலி ஒருநாள், அவளுடைய கன்னடம் கலந்த தமிழில். "தப்பே வரலேன்னா இந்த ரெண்டு பேர் எதுக்கு, சும்னே உக்காந்திருக்கவான்னு. அடுத்த ரிலீஸ் முடிஞ்சதும் எங்களைத் தூக்கிடுவாங்க கண்ரீ."

நான் எழுதின ஸ்கிரிப்டால்தான் அவர்களுக்கு இந்தக் கதி என்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அப்போதுதான் மூன்றாவதை எழுதினேன். அது மிகச் சின்னது. காலையில் அவர்கள் வருவதற்கு முன்னால், சோதனைக்கு வைத்திருக்கும் பிரதிக்குள் போய் ஒரு தப்பை வைத்துவிட்டு வந்துவிடும். கோழிக்குத் தானியம் இறைப்பது மாதிரி. வாசலில் நாலு மணி கிடந்தால் கோழி தானாகப் பொறுக்கிக்கொள்ளும், அதற்கும் தான் உழைத்துச் சாப்பிட்ட மாதிரி இருக்கும்.

ஆளுக்கொரு ருசி, மேடம். முரளிதரன் அண்ணனுக்குக் கணக்குத் தப்புதான் பிடிக்கும். மாப்பிள்ளையின் வயதில் எவ்வளவு போட்டாலும் ஒன்று கூடிவிடும்படி வைத்தேன், மனிதர் அன்றைக்கு இரண்டு வேளைச் சாப்பாட்டையும் சேர்த்துச் சாப்பிட்டார். பூங்குழலிக்குக் கண்ணில் படுகிற தப்புதான் வேண்டும். பாயசம் என்ற இடத்தைத் தொட்டால் மணப்பெண் பெயர் மறைந்துபோகும்படி வைத்தேன். திங்கட்கிழமை எளிதாக ஒன்று, வெள்ளிக்கிழமை கொஞ்சம் கடினமாக ஒன்று. பூங்குழலிக்குக் காய்ச்சல் என்றால் முதல் திரையிலேயே, கை எட்டுகிற இடத்தில் வைத்துவிடுவேன். பாட்டு முனகல் திரும்பி வந்தது. மேலே பேசிக்கொண்டவர்களும் வாயை மூடிக்கொண்டார்கள்.

தருண்குமாரைப் பற்றிக் கேட்பீர்கள், சொல்லிவிடுகிறேன். புகார் பதிவானதும் என் ஸ்கிரிப்ட் தப்பைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். இன்னொருவர் எழுதியதில் குப்பை போட்டுவிட்டு வருவது முறையில்லை அல்லவா. ஆகவே தருண்குமார் திறந்து பார்க்கும்போது அங்கே ஒன்றும் இருக்காது. புகாரில் மட்டும் படம் இருக்கும். "நான் இதை எழுதவே இல்லைங்க," என்பார். அண்ணன் படத்தைக் காட்டுவார். கொஞ்ச நாளில் தருண்குமார் தான் எழுதிய வரிகளைச் சத்தமாக வாசித்துப் பார்க்க ஆரம்பித்தார். பிறகு கம்ப்யூட்டருக்கு எலுமிச்சம்பழம் கட்டினார். பிறகு கொள்ளேகாலுக்கு பஸ் பிடித்து, அங்கிருந்து மாதேஸ்வரன் மலைக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டு வந்தார். மூன்று மாடி ஏறி மூச்சிரைக்க எல்லோருக்கும் பிரசாதம் கொடுத்தார். முடி வளரக்கூடிய பொருள்தான், மேடம்.

அவர் மனைவி ரூபா எனக்குப் போன் செய்து அழுதாள். "தூக்கத்துல இலை எண்ணுறாருங்க அக்கா. எண்ணி முடிச்சிட்டு, ஒண்ணு குறையுதுன்னு எழுந்து தேடுறாரு."

மோர் கொடுக்கச் சொன்னேன். அத்தோடு விடவும் மனம் வரவில்லை. அவருக்கும் உதவியாக நாலாவது ஒன்று எழுதினேன். தினமும் காலையில் அவர் திரையில் 'நீங்கள் நல்லவர்' என்று ஒரு வரி வரும். அவர் அதையும் தப்பு என்று புகார் செய்துவிட்டார். முரளிதரன் அண்ணன் சோதித்துப் பார்த்து, ஆமாம் தப்புதான் என்று உறுதி செய்தார். அன்றைக்கு முழுக்க முனகிக்கொண்டே இருந்தார்.

இனி அந்தக் கல்யாணம். ரிலீஸ் அன்றைக்கு அண்ணனுக்காக மிக நல்ல தப்பு ஒன்றை வைத்திருந்தேன். வாழை இலையின் எண்ணிக்கையும் மைசூர்பாகின் எடையும் ஒன்றுக்கொன்று இடம் மாறிவிடும். அவர் அன்றைக்குத் திடீரென்று தங்கை மகளுக்குக் காதுகுத்து என்று லீவு போட்டுவிட்டார். பூங்குழலிக்குக் கணக்கில் கண் போகாது. தருண்குமார் சோதனைப் பிரதியை வெளியே அனுப்பும் பொத்தானை அழுத்தியபோது, நான் ஜன்னலோரம் நின்று இரண்டாவது காபியை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தேன். சொல்லியிருக்கலாம். சொன்னால் அது முரளிதரன் அண்ணன் கண்டுபிடித்த தப்பாக இருக்காதே. அவருக்கென்று எடுத்து வைத்ததை நான் எப்படித் தொடுவது?

தமிழ்நாட்டு எல்லையில், பாலாறு தாண்டி ஓர் ஊரில் குப்புசாமி என்பவர் மகளுக்குக் கல்யாணம். எண்ணூறு இலையும் இருபது கிலோ மைசூர்பாகும் கேட்டிருந்தார். இருபது இலையும் எண்ணூறு கிலோ மைசூர்பாகும் புறப்பட்டுப் போயின. எல்லைச் சாவடியில் வனக்காவலர் லாரியை நிறுத்திவிட்டார். "இந்த நெய் வாசத்தோட காட்டுக்குள்ள போனா கரடி பின்னாலயே கல்யாணத்துக்கு வந்துடும்," என்று சொல்லியிருக்கிறார். அவர் வாயிலும் கையிலும் நிறையத் திணித்துத்தான் லாரியை மீட்டார்கள். மண்டபத்தில் முகூர்த்தத்துக்கு முந்தின பந்திக்கு இலை இல்லாததால் ஆளுக்கொரு பாளம் மைசூர்பாகு வைத்து, அதன்மேலேயே சோறு போட்டு சாம்பார் ஊற்றினார்கள். மாப்பிள்ளை வீட்டாருக்குக் கடும் கோபம். ஆனால் மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டதால் தாலி கட்டி முடியும்வரை யாராலும் வாய் திறந்து சண்டை போட முடியவில்லை. எனக்குத் தெரிந்து, எங்கள் பக்கத்தில் அவ்வளவு அமைதியாக நடந்த கல்யாணம் வேறில்லை.

பழி தருண்குமார் தலையில் விழுந்தது. மொட்டைத் தலை என்பதால் அது இன்னும் பார்க்கப் பாவமாக இருந்தது. காதுகுத்து முடிந்து திரும்பிய முரளிதரன் அண்ணன் சும்மா இருக்கவில்லை. பழைய புகார்களையெல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். தப்பு எப்போதும் காலையில்தான் வருகிறது, பார்த்தவுடன் போய்விடுகிறது, பூங்குழலிக்குக் காய்ச்சல் என்றால் வாசலுக்கே வருகிறது. மத்தியானத்துக்குள் பிடித்துவிட்டார். முனகிக்கொண்டே எழுந்தார், முனகிக்கொண்டே என் மேசைவரை வந்தார். என் திரையில் திறந்திருந்த அந்த மூன்றாவது ஸ்கிரிப்டைப் பார்த்ததும் பாட்டு பாதியில் நின்றது.

"நீயா அம்மிணி?"

"உங்களுக்காகத்தானுங்க அண்ணா," என்றேன்.

"அப்ப நான் கண்டுபுடிச்சது ஒண்ணுகூட நெஜமில்லையா?"

இதுவரை யாரும் பிடிக்காத அளவு பெரிய தப்பைப் பிடித்திருக்கிறார், சந்தோஷப்பட வேண்டும். அன்றையிலிருந்து அவர் முனகவே இல்லை. அது ஒன்றுதான் எனக்கு வலிக்கிறது.

ஆகவே ஒப்புக்கொள்கிறேன். எல்லாத் தப்பையும் வைத்தது நான். தருண்குமார் தெளிந்த புத்தியுள்ளவர், அவருக்கு அதைத் தமிழிலோ கன்னடத்திலோ யாராவது எடுத்துச் சொல்லுங்கள். முரளிதரன் அண்ணனையும் பூங்குழலியையும் வேலையை விட்டு எடுக்காதீர்கள், என்னைக் கண்டுபிடித்தவர் அண்ணன்தான். ஸ்கிரிப்டை அழித்துவிட்டேன். இனி எதிலும், எங்கேயும், யாருடைய நன்மைக்காகவும் நான் தப்பு வைக்க மாட்டேன். நான் திருந்திவிட்டேன்.

இப்போதுதான் முந்தின பக்கத்தில் சிவப்பு மையால் ஒரு வட்டம் போட்டீர்கள். "ஜோதிமணி, காபி குடிக்கிறதில்லைன்னு ஆரம்பத்துல எழுதியிருக்கீங்க. இங்க ரெண்டாவது காபி குடிக்கிறீங்களே," என்று கேட்டீர்கள். கேட்கும்போது, காலையிலிருந்து முதல் தடவையாகச் சிரித்தீர்கள்.

குடிப்பேன், மேடம். தினமும் குடிப்பேன். அவ்வளவு தூரம் வந்து களைத்திருந்தீர்கள், அதனால் கை எட்டுகிற இடத்தில் வைத்தேன். இன்னொன்றும் இருக்கிறது, அது கொஞ்சம் கடினம். எங்கே என்று நான் சொல்ல மாட்டேன். நீங்களும் கேட்கவில்லை, முதல் பக்கத்தை மறுபடி கையில் எடுத்துக்கொண்டு, மூக்குக்குள்ளேயே ஏதோ ஒரு பாட்டை முனக ஆரம்பித்துவிட்டீர்கள்.