பாதி பாட்டில் சீரம்

சித்தூரிலிருந்து திருப்பதி போகும் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒரே ஹாஸ்டல் அறையில் தங்கி வேலைக்குப் போகிறவர்கள் என்று பேச்சில் தெரிந்தது. புத்தலப்பட்டு தாண்டியதும் சுருட்டை முடிக்காரி திடீரென்று சொன்னாள்:

“உன் ஹேர் சீரம் பாட்டில்ல தேங்கா எண்ண ஊத்தி வெச்சது நான்தான்டி.”

மெல்லிய நேர்முடி கொண்ட மற்றவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“ஐடி கார்டுக்கு மறுபடி போட்டோ எடுக்கச் சொல்லி ஆபீஸ்ல நானே கேட்டேன். முடி படியணும்னு உன்னுத எடுத்தேன். உனக்கு ரெண்டு சொட்டு போதும். என் முடி பாதி பாட்டில குடிச்சிடுச்சி. புதுசு வாங்கறதுக்குள்ள நீ பாத்துடுவேன்னு எண்ணைய ஊத்திட்டேன். அதப் போட்டுக்கினு நீ இன்டர்வியூக்குப் போவேன்னு நெனைக்கல.”

“தலையெல்லாம் ஒட்டிக்கினு, மழையில நனஞ்சவ மாதிரி போய் ஒக்காந்தேன்.”

“என்னத் திட்டிடுடி.”

“கையில ஊத்தனப்பவே வாசன தெரிஞ்சிது. கழுவ நேரமில்ல. நீதான்னும் தெரியும்.”

“அப்புறம் ஏன் கேக்கல?”

நேர்முடிக்காரியின் குரல் இறங்கியது.

“உன் பழைய கார்டு போட்டோவக் காட்டி, தொடப்பம்னு சிரிச்சவ நான்தானே. அதனாலதானே நீ மறுபடி எடுக்கப் போன? எந்த மூஞ்சிய வெச்சிக்கினு உன்னக் கேப்பேன்?”

சுருட்டை முடிக்காரி கேட்டாள்:

“அந்த போட்டோ இன்னும் இருக்குதா?”

“என் போன்ல அழிச்சிட்டேன். ஹாஸ்டல் வாட்ஸ்அப் குரூப்ல போட்டேனே, நாளாயிடுச்சி, அதத்தான் அழிக்க முடியல.”