அனுமதியில்லாத பெட்டி

என் பெயரும் தகப்பனார் பெயரும் வீட்டு விலாசமும் முதல் தாளில் எழுதப்பட்டு, நான் வாசித்துப் பார்த்து ஒப்புக்கொண்டேன். அதன் பிறகு, நேற்று வீடியோ விளையாட்டு மெஷின் ஷோரூமில் நடந்தது பற்றி விசாரணை அதிகாரி கேட்டதன் பேரில் நான் சொல்வதாவது.

எனக்கு வயது நாற்பத்து மூன்று. மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்து ஃபிரேமில் பொருத்தும் வேலை செய்கிறேன். பஸ் டிப்போவுக்குப் பின்னால் உள்ள குடியிருப்பில், தரைத்தளத்தில், என் கூடப்பிறந்த அண்ணனுடன் வசிக்கிறேன். எனக்குத் திருமணம் ஆகவில்லை. இதற்கும் வழக்குக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். படிவத்தில் அதை எழுத வேண்டிய இடம் இருக்கிறது என்றார்கள். சொல்லிவிட்டேன்.

என் அண்ணன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். பக்கவாதம் வந்து வலது கையும் வலது காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போயிற்று. காது நன்றாகக் கேட்கும், சொல்வதெல்லாம் புரியும், புத்தியில் ஒரு குறையும் இல்லை. ஆனால் வாயில் வருவது 'சரி' என்ற ஒரே வார்த்தைதான். வேண்டும் என்பதற்கும் அதுதான், வேண்டாம் என்பதற்கும் அதுதான், கோபம் வந்தாலும் அதுதான். குரலின் ஏற்ற இறக்கத்தை வைத்து நான் புரிந்துகொள்வேன். ஷோரூம்காரர்கள் என் மேல் கொடுத்த புகாரில் அந்த வார்த்தையை வைத்து ஒன்று எழுதியிருப்பதால் இதை முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன்.

அண்ணனின் வருமானம் நின்றுபோனதால் அண்ணி வெளிநாட்டில் நர்ஸ் வேலைக்குப் போனார். மகளையும் கூட்டிக்கொண்டு போனார். அவளை வீட்டில் எல்லோரும் வாலு என்றுதான் கூப்பிடுவோம். புருஷன் பெண்டாட்டிக்குள் எந்தச் சண்டையும் கிடையாது. ஆரம்பத்தில் வாலு வீடியோவில் கூப்பிடுவாள். அண்ணனுக்கு வாய் ஒரு பக்கம் கோணியிருப்பதால் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொள்வார். அப்பா என்னைப் பார்க்க மாட்டேன் என்கிறார் என்று அந்தப் பக்கம் அவள் அழுவாள். நாளடைவில் அந்த அழைப்புகள் குறைந்து, பண்டிகைக்கும் பிறந்தநாளுக்கும் என்று ஆகிவிட்டன.

அதன் பிறகு வாலுதான் எனக்கு ஒரு யோசனை சொன்னாள். அவள் விளையாடும் ஆட்டத்தில் சரக்குப் படகு ஒன்று தீவு தீவாகப் போகும். வேறு வேறு ஊரில் இருந்தபடியே ஒருவர் படகை ஓட்ட வேண்டும், இன்னொருவர் கிரேனால் சரக்கை ஏற்றி இறக்க வேண்டும். 'அத்தை, அதுல பேசவே வேண்டாம். அப்பாவுக்கு கிரேன் தெரியும்ல' என்றாள். அந்த ஆட்டத்துக்கான மெஷினை இப்போது புகார் கொடுத்திருக்கும் அதே ஷோரூமில்தான் வாங்கினேன். பில் வீட்டில் இருக்கிறது.

மெஷினோடு வந்த, கையில் பிடித்துப் பொத்தான் அழுத்தும் கன்ட்ரோலருக்கு இரண்டு கைகள் வேண்டும். அண்ணன் அதை மடியில் வைத்துப் பார்த்தார், தொடைக்கு நடுவில் இடுக்கிப் பார்த்தார், கடைசியில் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டார். அதனால் மார்க்கெட்டில் மெஷின் ரிப்பேர் செய்யும் ஒருவரிடம் போனேன். எந்நேரமும் கையில் பற்றவைப்பு ஈயத்தோடு இருப்பதால் அவருக்கு ஈயம் என்றே பெயர். அவர் வீட்டுக்கே வந்து அண்ணனின் இடது கையையும் இடது காலையும் அளந்துகொண்டு போய், ஒரு பிளாஸ்டிக் சாப்பாட்டு டப்பாவின் மேல் பெரிய பொத்தான்களை வைத்து, பழைய தையல் மெஷினின் மிதியை அதோடு சேர்த்து ஒரு பெட்டி செய்து கொடுத்தார். பார்க்க அசிங்கமாக இருந்தது. வேலை செய்தது.

அன்று முதல் தினமும் சாயங்காலம் நான் வேலை முடிந்து வரும்போது அண்ணன் திரைக்கு முன்னால் இருப்பார். வாலு படகைக் கன்னாபின்னாவென்று ஓட்டிப் பாறையில் இடிப்பாள். அண்ணன் கிரேன் கொக்கியால் அவள் தலையில் லேசாகத் தட்டுவார். அவள் பதிலுக்குக் குதிப்பாள். நோய் வந்த பிறகு அவர் வயிறு குலுங்கச் சிரித்து நான் கேட்டது அப்போதுதான். மாடியில் குடியிருக்கும் அக்கா, வீட்டுக்கு யாராவது வந்திருக்கிறார்களா என்று இறங்கி வந்து பார்த்தார்.

போன மாதம் மெஷினில் ஒரு அப்டேட் வந்தது. நீளமாக ஏதோ எழுதி, கீழே 'சரி' என்று ஒரு பொத்தான் இருந்தது. வேண்டாம் என்பதற்குப் பொத்தானே இல்லை. நான்தான் அழுத்தினேன். அதன் பிறகு பெட்டியைச் செருகியதும், இது நிறுவனத்தின் அனுமதி பெறாத கருவி, விரைவில் முடக்கப்படும் என்று திரையில் வந்தது. பெட்டியில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்துக்கொண்டேன்.

சில நாள் கழித்து நான் வேலையிலிருந்து வந்தபோது திரையில் படகு நின்றுகொண்டிருந்தது. அண்ணனின் உருவம் கிரேனுக்குப் பக்கத்தில் மரம் மாதிரி நின்றது. வாலுவின் உருவம் அதைச் சுற்றிச் சுற்றி வந்தது, குதித்தது, முட்டிப் பார்த்தது, கடைசியில் அதன் காலடியில் உட்கார்ந்துகொண்டது. பெட்டி முடங்கிவிட்டது, அண்ணன் மிதியை மிதித்துக்கொண்டே இருந்தார். கொஞ்ச நேரத்தில் அவள் ஆட்டத்திலிருந்து போய்விட்டாள். அதன் பிறகும் அவர் மிதிப்பதை நிறுத்தவில்லை. காலிலிருந்து மிதியை எடுக்கப் போனேன், விடவில்லை. அன்றிரவு அப்படியே நாற்காலியில் தூங்கிவிட்டார்.

மறுநாள் நான் நிறுவனத்தின் உதவி எண்ணுக்குப் பேசினேன். இதை அழுத்து, அதை அழுத்து என்று இழுத்தடித்த பிறகு ஒரு தம்பி பேசினார். மரியாதையாகத்தான் பேசினார். போட்டியில் சிலர் வெளிக் கருவிகளை வைத்து ஏமாற்றுவதால், எல்லாருக்கும் நியாயமான ஆட்டம் கிடைக்க வேண்டும் என்று எடுத்த முடிவு என்றார். அண்ணனும் அவர் மகளும் மட்டும்தான் விளையாடுகிறார்கள், அதில் போட்டியே இல்லை, இவர் யாரை ஏமாற்றப் போகிறார் என்று கேட்டேன். முதலில் சொன்னதையே மறுபடியும் வாசித்தார். ஒரு கையால் விளையாட நிறுவனமே ஏதாவது செய்து விற்கிறதா என்று கேட்டேன். விற்கிறதாம், இந்த நாட்டில் கிடையாதாம். வெளிநாட்டிலிருந்து வாங்கி வரவா என்றேன். இங்கே விற்ற மெஷின் அங்கே விற்கும் கருவியை ஏற்காது என்றார். அப்படியானால் நான் வாங்கிய மெஷின் யாருடையது என்று கேட்டேன். மெஷின் உங்களுடையது, அதற்குள் இருக்கும் மென்பொருள் உபயோகிக்கத் தரப்பட்டது மட்டும்தான், நிபந்தனைகளுக்கு நீங்கள் சரி என்று அழுத்தியிருக்கிறீர்கள் என்றார்.

எங்கள் கடையில் ஒருவருக்குக் கண்ணாடி போட்டுக் கொடுத்து அனுப்பிவிட்டு, பிறகொரு நாள் அவர் தெருவைக் கடக்கும்போது, எங்கள் அனுமதியில்லாத ஃபிரேம் போட்டிருக்கிறாய் என்று சொல்லி லென்ஸைக் கறுப்பாக்கினால், என்னை இங்கே கொண்டுவந்து உட்கார வைப்பீர்களா மாட்டீர்களா என்று விசாரணை அதிகாரியிடம் கேட்டேன். இந்தக் கேள்வியையும் எழுதும்படி கேட்டுக்கொண்டேன்.

அதன் பிறகு ஷோரூமுக்குப் போய் மேலாளரைப் பார்த்தேன். மேலிடத்துக்குச் சொல்கிறேன் என்று என் போன் நம்பரை வாங்கிக்கொண்டார். புது மெஷின் அறிமுக விழாவுக்கு வரச்சொல்லி அந்த நம்பருக்கு விளம்பரம் வந்தது. வேறு ஒன்றும் வரவில்லை. அதை அண்ணனிடம் காட்டினேன். அவர் பெட்டியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அதற்கு மேல் அவர் என்ன சொல்ல வேண்டும்?

நேற்று மதியம் அவரைச் சக்கர நாற்காலியில் வைத்துக் கூட்டிக்கொண்டு போனேன். கடையை உடைக்க வேண்டும் என்ற எண்ணத்தோடு வந்ததாகப் புகாரில் இருக்கிறது. உடைக்க வருகிறவள், நடக்க முடியாத மனுஷனைக் குளிப்பாட்டி, சட்டைக்கு இஸ்திரி போட்டுக் கூட்டிக்கொண்டு வரமாட்டாள். வாசலில் எங்களைச் சிரித்த முகத்தோடு உள்ளே விட்டார்கள். உள்ளே சுவர் முழுக்க, சக்கர நாற்காலியில் உட்கார்ந்து விளையாடும் ஒருவரின் படமும், அதன் கீழே 'விளையாட்டு எல்லோருக்கும்' என்ற வாசகமும் இருந்தன. தலைமை அலுவலகத்திலிருந்து வந்தவர் மேடையில் மைக்கில் பேசி முடித்து, கூட்டத்தில் யார் வேண்டுமானாலும் வந்து ஆடிப் பார்க்கலாம் என்றார். நான் அண்ணனைத் தள்ளிக்கொண்டு போனேன். ஜனங்கள் கைதட்டி வழிவிட்டார்கள். எங்கள் பெட்டியை அவர் மடியிலும் மிதியைக் காலடியிலும் வைத்து, மேடைக்குக் கீழே இருந்த மெஷினில் வயரைச் செருகினேன்.

வீட்டில் வந்தது போலவே, அனுமதி பெறாத கருவி முடக்கப்பட்டது என்ற வாசகம், மெஷினுக்குப் பக்கத்தில் நிறுத்தியிருந்த பெரிய ஸ்கிரீனில் ஆள் உயர எழுத்தில் வந்தது. கைதட்டல் நின்றுபோயிற்று. மேடையில் இருந்தவர் சின்ன டெக்னிக்கல் கோளாறு என்று மைக்கில் சொன்னார். நான், 'கோளாறு இல்ல சார், இது நீங்க வேணும்னு செஞ்சது. அந்தப் படத்துல இருக்கறவருக்கு ஒரு சட்டம், எங்க அண்ணனுக்கு ஒரு சட்டமா?' என்று கேட்டேன். சத்தமாகத்தான் கேட்டேன். கெட்ட வார்த்தை ஒன்றும் பேசவில்லை.

உடனே மேலாளர் வந்தார். என்னிடம் பேசவில்லை. அண்ணனிடம் குனிந்து, கைக்குழந்தையிடம் பேசுவது போல, 'ஓரமாப் போயிடலாமா?' என்று கேட்டார். அண்ணன் 'சரி, சரி, சரி' என்றார். கழுத்து நரம்பு புடைத்திருந்தது, இடது கையால் நாற்காலியின் கைப்பிடியை அடித்துக்கொண்டே சொன்னார். கண் உள்ள யாருக்கும் அது என்ன சரி என்று தெரிந்திருக்கும். மேலாளர் என்னைப் பார்த்து, 'அவரே சரின்னுட்டாரு, உங்களுக்கு என்னம்மா பிரச்சினை?' என்று கேட்டுவிட்டு, காவலாளியிடம் நாற்காலியை இழுக்கச் சொன்னார். சம்பந்தப்பட்டவர் தாமாக வெளியேறச் சம்மதித்தார் என்று புகாரில் எழுதியிருப்பது இதைத்தான்.

காவலாளி பின்னாலிருந்து பிரேக்கைத் தட்டிவிட்டு இழுத்தார். அண்ணனின் இடது கால் அப்போதும் மிதியின் மேல் இருந்தது. வயர் இழுபட்டு, பெட்டி அவர் மடியிலிருந்து விழுந்து இரண்டாகப் பிளந்தது. மிதியில் மாட்டிய கால் முறுக்கிக்கொண்டு, கட்டைவிரல் நகம் பெயர்ந்தது. அவர் முன்னால் சரிந்தார். நான் காவலாளியின் மணிக்கட்டைப் பிடித்தேன், அடிக்கவில்லை. என்னவென்று பார்த்ததும் அவரே நாற்காலியை விட்டுவிட்டார். பிறகு நடைபாதையில் அண்ணனின் விரலுக்குத் தம் கைக்குட்டையைக் கட்டிவிட்டவரும் அவர்தான். அவர் மேல் எனக்குப் புகார் கிடையாது. அவரை இழுக்கச் சொன்னவர் மேல் இருக்கிறது. அதைத் தனியாக எழுதிக் கொடுத்திருக்கிறேன், வாங்கிக்கொண்டதற்கு ரசீது கேட்டிருக்கிறேன்.

அண்ணனைத் தூக்கி உட்கார வைத்துவிட்டு நிமிர்ந்தபோது, ஸ்கிரீனில் அந்த வாசகம் அப்படியே நின்றுகொண்டிருந்தது. அதன் பிறகு ஸ்கிரீன் கீழே விழுந்து உடைந்தது.

இன்று காலை நிறுவனத்தின் வக்கீல் என்னிடம் பேசினார். எங்கள் பெட்டி ஏமாற்று ஆட்டத்துக்குச் செய்யப்பட்டது என்றும், தெரியாமல் உபயோகித்துவிட்டோம் என்றும், நடந்ததற்கு வருந்துகிறேன் என்றும் கையெழுத்துப் போட்டால் புகாரை வாபஸ் வாங்குவார்களாம், வெளிநாட்டில் விற்கும் ஒற்றைக் கைக் கருவியை அண்ணனுக்கு அன்பளிப்பாகத் தருவார்களாம், அது இங்கே வேலை செய்யும்படி அவர்களே செய்துவிடுவார்களாம். அவர்கள் மனது வைத்தால் முடியும் என்பது இதிலிருந்து எனக்குத் தெரியவந்தது. அண்ணனிடம் கேட்காமல் நான் முடிவு சொல்லவில்லை. மாடி வீட்டு அக்கா அவரை ஸ்டேஷனுக்குக் கூட்டி வந்திருந்தார், வெளியே பெஞ்சுக்குப் பக்கத்தில் இருந்தவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் வக்கீல் தந்த தாளைக் கை நீட்டி வாங்கி, கசக்கக்கூட இல்லை, திருப்பி என் கையில் கொடுத்தார். வக்கீலிடம் ஒப்படைத்துவிட்டேன். ஏமாற்றுக்காரன் என்று எழுதிக் கொடுத்துவிட்டு அவர் எந்த முகத்தோடு மகளுடன் விளையாடுவார்?

கூட்டத்தில் யாரோ எடுத்த வீடியோ நேற்றே ஊர் உலகமெல்லாம் போயிருக்கிறது. வாலுவும் பார்த்திருக்கிறாள். நேற்றிரவு நான் ஸ்டேஷனில் இருந்தபோது வீட்டுக்குக் கூப்பிட்டாள், மாடி வீட்டு அக்கா போனைப் பிடித்துக்கொண்டார். அண்ணன் சுவர் பக்கம் திரும்பவில்லை என்று அக்கா சொன்னார். 'என்கூட ஆடப் போரடிச்சுதான் நீங்க போயிட்டீங்கன்னு நெனச்சேன்பா' என்று அவள் சொன்னதாகவும், அண்ணன் கட்டுப் போட்ட காலைத் தூக்கிக் காட்டியதாகவும் சொன்னார். ஒரு சின்னப் பெண் இத்தனை நாளும் அப்படி நினைத்துக்கொண்டிருந்தாள் என்பதற்கு எந்தச் சட்டப்பிரிவு இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. இருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

மேலே எழுதியதை எழுத்தர் எனக்கு வாசித்துக் காட்டினார். ஸ்கிரீன் எப்படி விழுந்தது என்ற இடத்தில் 'கைபட்டுத் தவறி விழுந்தது' என்று எழுதியிருந்தார். நான் அப்படிச் சொல்லவில்லை என்றேன். என் நல்லதுக்காகத்தான் எழுதினேன் என்றார். அவருக்கு நன்றி சொல்லி, அதை அடிக்கச் சொல்லி, ஓரத்தில் 'நான் இரண்டு கையாலும் தள்ளினேன்' என்று எழுதவைத்தேன். இப்போது எல்லாம் நான் சொன்னபடியும் நடந்தபடியும் இருக்கிறது. என்னை யாரும் மிரட்டவில்லை, யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. திருத்திய இடத்திலும் கடைசியிலும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

(ஒப்பம்)